வாலாட்டும் நாயை நம்பலாமா?



கடந்த மாதம் தாராவியில் ஒரு வீட்டு ஜெபம் முடிந்து, அனைவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், ஒரு சகோதரி என்னிடம் தயங்கித் தயங்கி ஒரு காரியத்தைக் கேட்டார். அவர் பக்கத்து சொசைட்டி ஒன்றில் வீட்டு வேலை செய்பவர். "ஐயா, புதிதாகச் சேர்ந்த வீட்டில் இரண்டு நாய்கள் இருக்கின்றன. ஒன்று பெரிய லாப்ரடார், மற்றது சிறிய பீகிள். நான் தரை துடைக்கும் நேரத்தில் இரண்டும் கட்டிப் புரண்டு, ஒன்றின் கழுத்தை ஒன்று கவ்வி, உறுமுகின்றன. மேடம் அதை விளையாட்டு என்கிறார்கள். எனக்கோ கைகால் நடுங்குகிறது. இந்த வேலையை விட்டுவிடலாமா?" என்றார்.

அந்த வீட்டில் கிடைக்கும் சம்பளம்தான் அவருடைய மகனின் பள்ளிக் கட்டணம். ஆகவே இது சிறிய கேள்வி அல்ல. "பயப்படாதிருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் நாய்களைக் குறித்து நானே இருமுறை தவறாகத் தீர்ப்புச் செய்தவன். அந்த இரண்டு தவறுகளையும் முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

2009-ஆம் ஆண்டு. நாங்கள் சயானில் ஒரு குறுகிய சந்தில் குடியிருந்தோம். ஒரு மாலை நேரத்தில் இரண்டு இளம் தெருநாய்கள் எங்கள் வாசலில் ஒன்றையொன்று கீழே தள்ளி, காதைக் கவ்வி, பெருஞ்சத்தமிட்டுக்கொண்டிருந்தன. என் மகன் அருகில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். பிள்ளையைக் கடித்துவிடுமே என்ற பதற்றத்தில் கையிலிருந்த குடையால் ஓங்கி அடித்தேன். ஒரு நாய் அலறிக்கொண்டு நொண்டி ஓடியது. எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த மராட்டியப் பெரியவர், "அவை விளையாடிக்கொண்டிருந்தனவே, ஏன் அடித்தீர்கள்?" என்று கேட்டார். அன்றுமுதல் அந்த நாய் சந்தில் வேறு எவரையும் ஒன்றும் செய்யாது. என்னைக் கண்டால் மட்டும் உறுமும். அந்தப் பகையை உண்டாக்கியவன் நானே.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. 2016-ஆம் ஆண்டு, இட்லி வியாபாரம் செய்யும் எங்கள் சபைக் குடும்பம் ஒன்றைச் சந்தித்துவிட்டு, அவர்களுடைய ஏழு வயது மகளோடு நடந்து வந்துகொண்டிருந்தேன். ஒரு கட்டடத்தின் வாசலில் சங்கிலியால் கட்டப்பட்ட நாய் ஒன்று நின்றது. அதன் வால் உயர்ந்து, வேகமாக அசைந்துகொண்டிருந்தது. "தொடலாமா, தாத்தா?" என்று பிள்ளை கேட்டாள். "வாலாட்டுகிறதே, தொடம்மா" என்றேன். அவள் கையை நீட்டியவுடன் நாய் முன்கையைக் கவ்விவிட்டது. இரத்தம் கசிந்தது.

மாநகராட்சி மருத்துவமனைக்கு நான்கு நாட்கள் ஊசிக்குச் சென்றோம். நான்கு காலை வேளைகளிலும் அந்தத் தகப்பன் இட்லிப் பாத்திரத்தை வெளியே எடுக்கவில்லை. பெற்றோர் என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் கையைக் கடித்தது நாயாக இருந்தாலும், நீட்டச் சொன்னது என் வாய் அல்லவா?

விளையாட்டைச் சண்டை என்று எண்ணினேன். எச்சரிப்பைச் சிநேகம் என்று எண்ணினேன். அதன்பின் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டும், இதைக் குறித்து எழுதப்பட்டவற்றை வாசித்தும் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

வால் சொல்வது என்ன?

வாலாட்டுதல் சந்தோஷத்தின் அடையாளம் என்றே நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில், நாயின் உள்ளம் கிளர்ச்சி அடைந்திருக்கிறது என்பதையே வால் காட்டுகிறது. அந்தக் கிளர்ச்சி மகிழ்ச்சியாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம். நடு உயரத்தில் நின்று, அகலமாக, இடுப்பும் சேர்ந்து ஆடும்படி அசைகிற வால் பெரும்பாலும் சிநேகத்தின் வால். கொடிக்கம்பம்போல் உயர்ந்து விறைத்து, நுனி மட்டும் வேகமாகத் துடிக்கிற வால் எச்சரிப்பின் வால். கால்களுக்கிடையே ஒடுங்கிய வால் பயத்தின் வால். அந்தப் பிள்ளையிடம் நான் "தொடம்மா" என்றபோது நான் பார்த்தது இரண்டாவது வகை வாலை.

2007-ஆம் ஆண்டு இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 30 நாய்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். தன் எஜமானைக் கண்டபோது நாயின் வால் அதன் வலப்பக்கமாக அதிகம் சாய்ந்து ஆடியது. அறிமுகமற்ற, மிரட்டும் தோரணையுள்ள வேறொரு நாயைக் கண்டபோது இடப்பக்கமாக அதிகம் ஆடியது. தெருவில் நின்று இடமா வலமா என்று நம்மால் அளந்துகொண்டிருக்க முடியாது. ஆயினும் வாலாட்டுதல் எல்லாம் ஒன்றல்ல என்பதை அந்தச் சோதனை விளங்கச் செய்கிறது. ஆகையால் வாலை மட்டும் பாராமல், மூக்கிலிருந்து வால் நுனிவரை முழுச் சரீரத்தையும் பார்க்க வேண்டும்.

1872-ஆம் ஆண்டிலேயே சார்லஸ் டார்வின் இதைக் கவனித்து எழுதினார். பகையோடு நெருங்கும் நாய் நிமிர்ந்து, விறைத்து, வாலை உயர்த்தி, கண்களை அசையாமல் நிலைநிறுத்தி நடக்கிறது. வருகிறவர் தன் எஜமான் என்று அறிந்த நொடியே சரீரம் முழுவதும் தாழ்ந்து, நெளிந்து, வளைகிறது. ஒரே நாய், ஒரே இடம். ஆனால் சரீரம் முற்றிலும் எதிரானதாக மாறிவிடுகிறது. விறைப்பா, தளர்வா? இந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி படித்தாகிவிட்டது.

விளையாட்டின் அடையாளங்கள்

முதலாவது, அழைப்பு. விளையாட விரும்பும் நாய் முன்னங்கால்களை நீட்டி, மார்பைத் தரைக்குத் தாழ்த்தி, பின்பாகத்தை மேலே உயர்த்தி நிற்கும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பெக்காஃப் இந்த வணக்கத்தை ஆராய்ந்து 1995-இல் எழுதினார். கடித்து உலுக்குவது போன்ற, தவறாக எண்ணப்படக்கூடிய செயலுக்குச் சற்று முன்னும் பின்னும் நாய்கள் இந்த வணக்கத்தைச் செய்வதை அவர் கண்டார். "நான் இப்போது செய்வது விளையாட்டே, தவறாக எண்ணாதே" என்று சொல்வதற்கு ஒப்பானது அது.

இரண்டாவது, தளர்வு. விளையாடும் நாயின் சரீரம் துணியைப்போல் நெகிழ்ந்திருக்கும். நேராகப் பாயாமல் வளைந்து வளைந்து ஓடும். தேவைக்கு அதிகமாகத் துள்ளும். வாய் திறந்து, நாக்கு தொங்கி, முகம் இளகியிருக்கும்.

மூன்றாவது, விட்டுக்கொடுத்தல். பெரிய நாய் தன் பலத்தை அடக்கிக்கொள்ளும். தானாகவே மல்லாந்து படுத்து, சிறியதைத் தன்மேல் ஏறவிடும். துரத்திய நாய் திரும்பித் துரத்தப்படும். எல்லா ஜோடிகளும் சரிபாதியாக முறை மாற்றிக்கொள்வதில்லை. ஆனால் இருவருக்கும் விருப்பம் இருப்பது தெரியும்.

நான்காவது, இடைவெளி. சிறிது நேரம் புரண்டபின் இரண்டும் நிற்கும், உடலை உதறிக்கொள்ளும், தரையை முகரும். பின்பு இரண்டுமே மறுபடியும் வரும். ஓடிப்போக வழியிருந்தும் திரும்பி வருகிறது என்றால் அது விளையாட்டு. வளர்ப்பவர்கள் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மேலே இருக்கிற நாயைச் சற்றே பிடித்து நிறுத்துங்கள். கீழே கிடந்த நாய் எழுந்து மறுபடியும் அதனிடமே வந்தால் கவலையில்லை. எழுந்து ஒளிந்துகொண்டால் அன்றைய விளையாட்டு போதும். இதைத் தெருநாய்களிடம் ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள்.

சத்தத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். விளையாட்டிலும் உறுமல் உண்டு. உண்மையான சண்டை சில நேரம் மிகுந்த அமைதியிலிருந்து தொடங்குகிறது.

கோபத்தின் அடையாளங்கள்

கோபங்கொண்ட நாய் முதலில் நின்றுவிடும். அதுவரை அசைந்த சரீரம் ஒரு நொடி சிலைபோல் உறையும். திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும். பார்வை ஒரே இடத்தில் குத்தி நிற்கும். உடலின் பாரம் முன்னங்கால்களுக்கு வரும். உதடு சுருங்கிப் பற்கள் தெரியும். ஆழ்ந்த உறுமல் எழும். பிடரி மயிர் சிலிர்ப்பதைப் பலர் கோபம் என்று எண்ணுகிறார்கள். அதுவும் வாலைப் போலவே கிளர்ச்சியின் அடையாளம் மட்டுமே. மற்றவற்றோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

கோபத்தைக் காட்டிலும் நாம் அதிகமாகக் கவனிக்கத் தவறுவது பயத்தை. பயந்த நாய் சரீரத்தைத் தாழ்த்தி, காதுகளைப் பின்னால் மடக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெண்மை தெரியும்படி ஓரமாய்ப் பார்க்கும். பசியில்லாமலே உதட்டை நக்கும். தூக்கமில்லாமலே கொட்டாவி விடும். "என்னை விட்டு விலகிப் போ" என்பதே இவற்றின் பொருள். நாம் விலகாவிட்டால், அதற்கும் ஓட வழியில்லாவிட்டால், அது கடிக்கும். சங்கிலியில் கட்டப்பட்ட நாய்க்கு ஓட வழியில்லை. மூலையில் அடைபட்ட நாய்க்கும் இல்லை. குட்டிகளோடு இருக்கும் தாய்க்கும், உணவின்மேல் நிற்கும் நாய்க்கும், உறக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழும் நாய்க்கும் அருகில் செல்லாதிருப்பதே ஞானம்.

உறுமுகிற நாயை அடிக்காதீர்கள். உறுமல் என்பது கடிப்பதற்கு முன் நமக்குக் கிடைக்கிற தயவு. உறுமியதற்காக அடிபட்ட நாய் கோபத்தை விட்டுவிடாது, எச்சரிப்பதை மட்டுமே விட்டுவிடும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடித்துவிடும்.

விளையாட்டும் சண்டையாக மாறுவதுண்டு. இடைவெளிகள் குறைந்து வேகம் கூடும்போதும், ஒரே நாய் எப்போதும் கீழே கிடக்கும்போதும், ஒன்று ஒளிய இடம் தேடும்போதும், மூன்றாவது நாய் ஒன்று நடுவில் வந்து சேரும்போதும் வளர்ப்பவர்கள் அவற்றைப் பெயர் சொல்லி அழைத்துப் பிரித்துவிட வேண்டும். சண்டை மூண்டுவிட்டாலோ நடுவே கையை நுழைக்காதீர்கள். தண்ணீரை ஊற்றலாம், பெருஞ்சத்தம் எழுப்பலாம்.

பிள்ளைகளைக் குறித்து

பெற்றோரே, இதைக் கருத்தாய் வாசியுங்கள். நாய் பல்லைக் காட்டி உறுமும் முகத்தைச் சிறு பிள்ளைகள் சிரிக்கும் முகம் என்று எண்ணிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெர்ஸ்டின் மைன்ட்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அதில் பங்கெடுத்தார்கள். பெற்றோரும் பல அடையாளங்களைத் தவறாகவே படித்தார்கள், கற்றுக்கொடுத்தபின் முன்னேறினார்கள். பிள்ளைகள் பல்லைக் கண்டு, புன்னகை என்று எண்ணி, முகத்தோடு முகம் வைக்கப் போகிறார்கள். சிறு பிள்ளைகளுக்குத் தலையிலும் முகத்திலும் கடி விழுவது இத்தனை சாதாரணமாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எத்தனை சாதுவான வீட்டு நாயாக இருந்தாலும் சிறு பிள்ளையோடு தனியாக விடாதீர்கள். கட்டிப்பிடிப்பது நமக்கு அன்பு. பல நாய்களுக்கு அது நெருக்கடி. வளர்ப்பவரிடம் கேட்டபின், நாய் தானாக நெருங்கி வந்தால் மட்டுமே தொடலாம் என்று கற்றுக்கொடுங்கள்.

தெருவில் செல்லும்போது

இரவு வேலை முடிந்து வருகிறவர்களும், விடியற்காலையில் சைக்கிளில் இட்லி கொண்டு செல்கிறவர்களும் நம்மில் அநேகர். நாய் விறைத்து நெருங்கி வந்தால் ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. கண்ணோடு கண் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி, கைகளைச் சரீரத்தோடு சேர்த்து நில்லுங்கள். பிறகு மெதுவாகப் பின்வாங்குங்கள். பையோ குடையோ இருந்தால் அதை இடையில் பிடித்துக்கொள்ளுங்கள். அடிக்க ஓங்க வேண்டாம். சைக்கிளிலோ இருசக்கர வாகனத்திலோ துரத்தினால் வேகத்தைக் குறையுங்கள். வேகம் குறைந்தால் துரத்தும் ஆவலும் பெரும்பாலும் குறையும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள்.

சில தெருநாய்களின் காது நுனியில் ஒரு வெட்டு அடையாளம் இருக்கும். அது கருத்தடை செய்யப்பட்டு, அப்போது தடுப்பூசியும் போடப்பட்ட நாய் என்பதற்கு அடையாளம். அந்தத் தடுப்பூசியின் பலன் இன்றும் இருக்கிறது என்பதற்கு அது உத்தரவாதமல்ல.

ஒன்றை மறவாதீர்கள். மேலே சொன்ன அடையாளங்கள் எல்லாம் சுகமான நாய்க்கே பொருந்தும். திடீரெனக் குணம் மாறி, வாயில் எச்சில் வழிய, தள்ளாடி நடந்து, காரணமின்றிக் கண்டதையெல்லாம் கடிக்கிற நாயைப் படித்துக்கொண்டு நிற்க வேண்டாம். விலகிச் சென்று மாநகராட்சிக்குத் தெரிவியுங்கள்.

கடித்துவிட்டால்

உடனே ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் காயத்தை 15 நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போடும் நாளை 0 என்று கொண்டால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. இரத்தம் வந்த காயமாயின் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்தப்பட வேண்டும். காயம் ஆறிவிட்டதென்று 28-ஆம் நாள் ஊசியை விட்டுவிடாதீர்கள். வீட்டு நாய்தானே, பத்து நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கியபின் பிழைப்பது மிக மிக அரிது. அறிகுறிக்கு முன் போடும் ஊசியோ அதை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும்.

நம் சபைகளில் சிலர், ஜெபித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட எண்ணுகிறார்கள் என்பதை அறிவேன். ஜெபியுங்கள், நானும் உங்களோடு ஜெபிப்பேன். ஆனால் மருத்துவமனைக்குப் போகிற வழியில் ஜெபிப்போம்.

அந்தச் சகோதரிக்கு

இவற்றையெல்லாம் அந்தச் சகோதரியிடம் விளக்கி, "வேலையை விடும் முன் ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். தரை துடைக்கும் நேரத்தில் நாய்களை வேறு அறையில் வைக்கும்படி மேடத்திடம் கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை" என்றேன்.

அடுத்த வாரம் ஆராதனை முடிந்ததும் வந்தார். "ஐயா, சிறியதுதான் முதலில் குனிந்து பெரியதைக் கூப்பிடுகிறது. பெரியது தானாகவே மல்லாந்து கொடுக்கிறது. நீங்கள் சொன்னபடியே நடுவில் நின்று உதறிக்கொள்கின்றன. அது விளையாட்டுத்தான்" என்றார். பின்பு சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஆனால் சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது மட்டும் பெரியது அப்படியே உறைந்து போகிறது, ஐயா. வாயை மூடிக்கொண்டு சிறியதையே பார்க்கிறது. மேடத்திடம் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். மறுநாள் நின்று பார்த்துவிட்டு, இப்போது இரண்டுக்கும் வேறு வேறு அறையில் உணவு வைக்கிறார்கள்."

அவர் வேலையை விடவில்லை. அந்த வீட்டில் ஒருவரும் கவனியாத ஒன்றைக் கவனித்துச் சொன்னவர், நாய்களைக் கண்டு நடுங்கிய அவர்தான்.

2016-இல் கடிபட்ட அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்துவிட்டாள். கையில் தழும்பு இருக்கிறது. சில நாட்களுக்கு முன் அவளோடு அதே தெருவில் நடந்தபோது, ஒரு நாய் வாலாட்டிக்கொண்டு எதிரே வந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அவள் ஒரு நொடி அதைப் பார்த்துவிட்டு, "வாய் திறந்திருக்கிறது, தாத்தா, உடம்பும் வளைகிறது. வாருங்கள், போகலாம்" என்றாள். இருவரும் அதைத் தொடாமல், அதன் வழியை மறிக்காமல், கடந்து சென்றோம்.

உங்கள் அன்புச் சகோதரன்.